கஞ்சிக்கோட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகிற ஜீப்

பானெட்டைத் திறந்து வைத்துவிட்டால் போதும், ஆண்பிள்ளைகள் எங்கிருந்துதான் முளைப்பார்களோ தெரியாது. ஒரு விறகுக் கட்டைத் தலையிலிருந்து இறக்கிவிடச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், போடிமெட்டில் ஒரு காக்காய்கூடத் திரும்பாது. எங்கள் ஜீப்பின் மூடி திறந்தால் மட்டும் டீக்கடை மொத்தமும் கிளாஸோடு எழுந்து வந்து நிற்கும். ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பார். ஒருவர் ஏதாவது ஒரு வயரைத் தொட்டு ஆட்டுவார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து "ம்ம்" என்பார்கள். அதோடு சரி, டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஜீப் என் புருஷன் ஆசீர்வாதத்துடையது. எங்கள் மூத்த மகளை விட அதற்கு வயது அதிகம். காலையில் போடிமெட்டிலிருந்து பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். நானும் அதில்தான் போகிறேன். அந்தக் குரூப்பில் யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் யாரோடு சண்டை என்பதெல்லாம் என் பொறுப்பு. எஸ்டேட் கொடுக்கிற இந்த டிரிப்பை வைத்துத்தான் அவருடைய பிழைப்பு.

மழை ஓய்ந்து, வண்டியை ஆர்.டி.ஓ. டெஸ்டுக்குக் கொண்டுபோய் வந்த கொஞ்ச நாளில் தொல்லை தொடங்கியது. ராத்திரி நன்றாக நிறுத்திய வண்டி காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கும்.

வீட்டில் இருக்கும்போது அது பெரிய விஷயமில்லை. எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. மண் திட்டுக்கு முதுகைக் காட்டி, மூக்கு பள்ளத்தைப் பார்க்க ஜீப்பை நிறுத்துவார். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்து, பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே அளவாக வெட்டிய ஒரு காப்பிக் கம்பை முட்டுக் கொடுத்துவிட்டு, பனி இறங்காமல் தார்ப்பாயைப் போட்டு மூடுவார். ஹேண்ட்பிரேக் என்று ஒன்று இருக்கிறது. இழுத்தால் கையோடு வரும், வண்டி நிற்காது. இந்தப் பக்கம் பாதி ஜீப்புக்குக் கம்புதான் ஹேண்ட்பிரேக். கம்பு வைக்காத காலத்தில் ஒருமுறை கியர் நழுவி, ஜீப் தானாகவே இறங்கிப் போய் எங்கள் குளியலறைச் சுவரைத் தள்ளிவிட்டது. நல்ல காலம், நான் குளித்து முடித்து வந்திருந்தேன்.

காலையில் கல்லையும் கம்பையும் எடுத்தால் ஜீப் உருளும், உருளும்போது கிளச்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். ஆனால் எஸ்டேட்டில் ஏலக்காய் ஸ்டோர் முற்றம் இருக்கிறதே, அது தட்டையான சிமெண்டுத் தரை. காலையில் ஓடுகிற கொஞ்ச தூரத்தில் பேட்டரியில் என்ன ஏறும். சாயங்காலம் வண்டி கிளம்பாது. நாள் முழுக்கச் செடிக்குள் குனிந்து இடுப்பொடிந்த பெண்பிள்ளைகள் நாங்கள் எல்லாரும் சேலையைச் சொருகிக்கொண்டு தள்ளுவோம். அவர் மட்டும் மகாராஜா மாதிரி உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்.

ஒருநாள் தூறலில் மோனிஷா வழுக்கி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். அதை எஸ்டேட் சூப்பர்வைசர் பினு பார்த்துவிட்டார். மலையாளத்துக்காரர், மோசமான ஆள் இல்லை, ஆனால் பயந்தாங்கொள்ளி.

"சேச்சி, பொண்ணுங்க வண்டி தள்ளுறத மேல உள்ளவங்க பாத்தா எனிக்காணு பிரஸ்னம்" என்றார் என்னிடம். "சேட்டனிடத்துச் சொல்லுங்க. வேகம் இத சரியாக்கணும். இல்லெங்கில் டிரிப்ப வேற வண்டிக்குக் கொடுக்க வேண்டிவரும்."

டிரிப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மலைக்குக் கீழே, தூரத்துக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் என் தம்பி பொன்ராஜ் எலக்ட்ரீஷியன். மச்சானை அங்கே செக்யூரிட்டி வேலைக்கு வரச்சொல்லி வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவர் அங்கே போய் முன்பின் தெரியாத ஆட்களோடு ஒரு ரூமில் கிடப்பார். நான் இங்கே இந்தப் பனியில் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டும் கல்யாணமாகி வெளியூரில். எனக்கு அவர் போவது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார். அதனால் திட்டினேன்.

"ஒரு பேட்டரி ஏன் எறங்குதுன்னு கண்டுபிடிக்க முடியல, நீங்கள்லாம் என்ன டிரைவரு?"

என் புருஷனிடம் பேச்சு வாங்குவது வறண்ட எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போலத்தான்.

முதலில் பேட்டரி செத்துப்போய்விட்டது என்று புதுப் பேட்டரி வாங்கிப் போட்டார். அதுவும் காலையில் இறங்கிக் கிடந்தது. பிறகு டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை என்றார்கள். கழற்றிப் பார்த்தால் நன்றாக ஏற்றுகிறது. அதற்கப்புறம் டீக்கடைக் கூட்டம் கூடித் தீர்ப்புச் சொன்னது. டேஷ்போர்டில் வேளாங்கண்ணி மாதா படத்துக்கு நான் ஒரு சின்ன நீல பல்பு போட்டு வைத்திருந்தேன். ராத்திரியெல்லாம் அது எரிகிறதாம், பேட்டரியைக் குடிப்பது அதுதானாம்.

எனக்கு வந்ததே கோபம். "அந்தக் கடுகத்தனை பல்பு வண்டியவே படுக்க வைக்குதா? ஒங்க பீடி வெளிச்சத்துக்குக்கூட அது ஈடாகாது. பழி போட வேற ஆளே கெடைக்கலயா ஒங்களுக்கு?"

அவர் அன்று சாயங்காலம் சத்தமில்லாமல் மாதா பல்பைக் கழற்றி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை 'டிக்'. நான் நேராக டீக்கடைக்குப் போய், வாசலில் நின்று, எல்லாரும் கேட்கிற மாதிரி மாதாவுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை என்று அறிவித்துவிட்டு வந்தேன். ஒருவரும் தலை நிமிரவில்லை. பல்பு திரும்ப ஏறியது.

அப்புறம் பூப்பாறையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் ரிஜோவிடம் கொண்டுபோனார். ரிஜோ கெட்டிக்காரப் பையன், பொய் சொல்ல மாட்டான். வண்டியை ஒரு ராத்திரி அங்கேயே நிறுத்தச் சொன்னான். காலையில் சாவியைத் தொட்டதும் ஜீப் உறுமியதாம்.

"ஆசீர்வாதம் சேட்டா, வண்டியில ஒரு கொழப்பமும் இல்லா" என்றான். "மீட்டர் வெச்சு நோக்கியாச்சு. ஒரு துளி கரண்ட்டு வெளிய போகல."

வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினோம். காலையில் 'டிக்'.

நடுவில் பொன்ராஜின் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்குகிற விசேஷம், வந்தது. பஸ்ஸில் போகலாம் என்றேன், கேட்கவில்லை. பலாப்பழம், ஏலக்காய், நான், அந்தச் சீக்காளி ஜீப் எல்லாருமாக மலையிறங்கிப் போனோம். வழியெல்லாம் என்ஜினை நிறுத்தாமலே ஓட்டினார். சாப்பிட இறங்கியபோதுகூட ஒருவர் மாற்றி ஒருவர் காவல் இருந்துதான் சாப்பிட்டோம்.

கஞ்சிக்கோட்டில் தெரு பலகை மாதிரி மட்டமாக இருக்கிறது. பொன்ராஜ் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினார். மறுநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்து, மனசைத் திடப்படுத்திக்கொண்டு பார்த்தேன். ஒரே திருப்பு. ஸ்டார்ட். அதற்கு மறுநாளும் அப்படியே. நாங்கள் அங்கே இருந்த அத்தனை நாளும், கோழிக்கு முன்னால் ஜீப் கூவியது.

பொன்ராஜ் அந்த ஊருக்குப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. கூடப் பிறந்த எனக்கே 'ங்க' போட்டுப் பேசுகிறான், கேட்கையில் எனக்குக் காது கூசும்.

"ஏனுங்க மச்சான், வண்டி கல்லாட்ட இருக்குதுங்களே" என்றான். "இது வண்டிக் கோளாறு இல்லீங்க. குளுரு. மேல இருக்கற குளுருக்கு பேட்டரி வெறைச்சுப் போகுமுங்க. ராத்திரிக்கு அதைக் கழட்டி ஊட்டுக்குள்ளார வெச்சுப் பாருங்க."

"மாட்டுக்கே சாக்குத்தான் போத்துறோம். பேட்டரிக்கு வீட்டுக்குள்ள எடமா?" என்றேன்.

"சயின்ஸுங்கக்கா."

அதோடு விட்டிருக்கலாம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னான்: "இல்லாட்டி மச்சான் இங்கயே வந்துரட்டுங்க. கேட்டுல ஆளு வேணும்னு மேனேஜரு கேட்டுட்டே இருக்கறாருங்க. நீலச் சட்டை, தொப்பி, உக்கார சேரு. நிம்மதியான வேலைங்க."

என் புருஷன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் எப்போதோ போய்விட்டது.

மலையேறினோம். வந்த அன்றைக்கே பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்து அடுப்பங்கரையில், பூனை வழக்கமாகப் படுக்கும் மூலையில் சாக்கை விரித்து வைத்தார். பூனை என்னைப் பார்த்தது. நான் என்ன செய்ய. காலையில் கொண்டுபோய் மாட்டினார். ஒரே திருப்பில் ஜீப் கிளம்பியது.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பொன்ராஜுக்குப் போன் போட்டால், "சொன்னேனுங்களா இல்லீங்களா" என்று அரை மணி நேரம் சயின்ஸ் பேசினான். சாயங்காலம் ஸ்டோர் முற்றத்திலும் தள்ளாமலே கிளம்பியது. பினு எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். மறுநாளும் அப்படி, அதற்கு மறுநாளும் அப்படி. ராத்திரி பேட்டரி எங்களோடு வீட்டில், பூனை வெளியே தார்ப்பாய்க்கு மேலே.

ரிஜோ மட்டும் நம்பவில்லை. "சேட்டா, குளிருக்கு இத்தனை எறங்காது. என்னமோ கரண்ட்ட இழுக்குது. நான் வந்து பார்க்கறேன்" என்று சொல்லி, ஒரு சாயங்காலம் மீட்டரோடு வீட்டுக்கே வந்துவிட்டான். மெக்கானிக் வந்திருக்கிறாரே என்று இவர் தார்ப்பாயை உருவி, கம்பை எடுத்து அந்தப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, சீட்டைத் துண்டால் தட்டி உட்காரச் சொன்னார். பேட்டரியை மாட்டி, ரிஜோ இருட்டும் வரைக்கும் ஒவ்வொரு வயராகப் பார்த்தான். மீட்டரில் முள் அசையவில்லை. நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "எனிக்கு மனசிலாகல சேச்சி" என்று தலையைச் சொறிந்துகொண்டு போனான். அவன் போனதும் இவர் கம்பை எடுத்து முட்டுக் கொடுத்து, தார்ப்பாயைப் போர்த்தி, பேட்டரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

அன்றைக்குத்தான் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஜீப் பேட்டரி என்றால் ஒரு சின்னக் குழந்தை கனம் என்று நினைக்காதீர்கள், பள்ளிக்கூடம் போகிற குழந்தை கனம். வாசற்படி ஏறும்போது "ஆ" என்றார், அப்படியே பாதி குனிந்த வாக்கில் நின்றுவிட்டார். பேட்டரியையும் கீழே வைக்க முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. நான் ஓடிப்போய் வாங்கினேன். பூப்பாறை டாக்டர் கனம் எதுவும் தூக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். நான் தூக்கிப் பார்த்தேன். இரண்டு அடி நகர்ந்தது, என் நகம் பெயர்ந்தது.

குளிர்தானே காரணம் என்று பேட்டரியை வண்டியிலேயே விட்டுவிட்டு, இரண்டு கம்பளியைச் சுற்றினோம். என் கல்யாணத்துக்கு வந்த கம்பளி ஒன்று. அதற்கு மேல் ரப்பர் பையில் வெந்நீர் வைத்தோம். எனக்குக்கூட அவர் அப்படிப் போர்த்திவிட்டதில்லை.

காலையில் 'டிக்'.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஸ்டோர் முற்றத்தில் நாங்கள் தள்ளிக்கொண்டிருக்கும்போது பினு வந்து நின்றார். இந்த முறை குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சேச்சி, திங்கக்கிழமை சாயங்காலம் நான் இங்கே நிக்கும். சாவியில ஸ்டார்ட் ஆச்சுன்னா டிரிப் உங்களுக்கு. இல்லெங்கில் செவ்வாய்க்கிழமை வேற வண்டி வரும். எனிக்கு விரோதம் இல்லா."

வழியெல்லாம் ஜீப்பில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, அதைப் பார்த்து மோனிஷா, "அக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்றாள்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் நான் பெட்டியை எடுத்தேன். இனிமேல் என்ன இருக்கிறது. அவருடைய சட்டை, கைலி, துண்டு எல்லாவற்றையும் எடுத்து மடித்து உள்ளே போட்டேன். போட்டேன் என்பதை விட எறிந்தேன் என்று சொல்லலாம். வாயும் சும்மா இல்லை.

"போங்க, போய் தொப்பி வச்சுக்கிட்டு கேட்டுல நில்லுங்க. வாரவன் போறவனுக்கெல்லாம் சல்யூட் அடிங்க. அங்கிட்டு வெயிலுல கெடந்தாத்தான் ஒங்களுக்கு எங்க அருமை தெரியும். ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி, அதப் பாக்கத் துப்பில்ல."

அவர் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "மேரி" என்றார் ஒருமுறை.

"பேசாதீக" என்றேன். பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மூடும்போது கண் கலங்கிவிட்டது, அடுப்புப் புகை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று மூஞ்சியைத் துடைத்தேன். அடுப்பு அன்றைக்கு இன்னும் பற்றவைக்கவே இல்லை.

அப்போது மேட்டு வீட்டு மூக்கம்மாள் வாசலில் வந்து நின்றாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் திட்டுக்கு மேலே அவள் வீடு. முழங்கால் வலிக்காரி, சாதாரணமாக அந்தப் படியிறங்கி வரவே மாட்டாள். கையில் ஒரு கூறு பீன்ஸ்.

"ஏத்தா மேரி, ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். ஒங்க நேர்ச்சை முடியலையே?"

"என்ன நேர்ச்சைக்கா?"

"அதான், பொழுது சாஞ்சா பின்பக்கம் செவப்பு வெளக்கு போடுவீகளே, மாதாவுக்கு. நான் டெய்லி மேல இருந்து ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் கதவச் சாத்துவேன். எங்க சாமியா ஒங்க சாமியான்னு பாக்கல, பனிக்குள்ள செவப்பா நின்னுச்சு, கும்புட்டேன். முழங்காலு கொஞ்சம் தேவலாம் போல இருந்துச்சு. நீங்க தம்பி ஊருக்குப் போனப்ப எரியல. சரி, ஆள் இல்லன்னு விட்டேன். வந்த பொறவும் கொஞ்ச நா எரியல. அப்புறம் முந்தாநேத்துத் திரும்ப எரிஞ்சுச்சு, நேத்தும் எரிஞ்சுச்சு. இன்னைக்குப் பாத்தா மங்கலா இருக்குத்தா. எண்ணெ கிண்ணெ பத்தலையோன்னு கேக்க வந்தேன்."

நாங்கள் எந்த விளக்கும் போடவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், வாய் அப்படியே நின்றுவிட்டது. ஊருக்குப் போனபோது எரியவில்லை. வந்த பிறகு, பேட்டரி அடுப்பங்கரையில் படுத்த நாளெல்லாம் எரியவில்லை. கம்பளி சுற்றி வண்டியில் விட்ட ராத்திரி எரிந்திருக்கிறது.

செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன். ஜீப்புக்கும் மண் திட்டுக்கும் நடுவே ஆள் நுழைகிற இடம் கிடையாது, யாரும் அங்கே போவதும் கிடையாது. நான் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தேன். தார்ப்பாயின் பின்பக்கம் தரைவரை இழுத்து மூடவில்லை, அந்த இடுக்கு வழியாகச் சிவப்பு வெளிச்சம் வந்து, ஈரத் திட்டில் பட்டுப் பனியில் கரைந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. மூக்கம்மாளைக் குறை சொல்ல முடியாது.

"ஏங்க, இங்க வாங்க" என்று கத்தினேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்தார். பின்னாலேயே மூக்கம்மாள் வந்தாள்.

"என்னாங்க இது?"

குனிய முடியாமல் தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தார். "பிரேக் லைட்டு."

"அது எப்ப எரியும்?"

"பிரேக்க மிதிச்சா எரியும். சாவி போடாட்டியும் எரியும்."

"இப்ப யாரு மிதிச்சுக்கிட்டு இருக்கா?"

அவர் இடுப்பு வலியை மறந்து டிரைவர் பக்கம் போனார். தார்ப்பாயைத் தூக்கினோம். காப்பிக் கம்பு, வைத்த இடத்தில் வைத்தபடி, பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. எத்தனை வாரமாக மிதிக்கிறதோ. எங்கள் வீட்டிலேயே சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

அவர் கம்பை உருவினார். சிவப்பு அணைந்தது. திரும்ப வைத்தார், எரிந்தது. உருவினார், வைத்தார். அணையும்போதெல்லாம் மூக்கம்மாள் கையை இறக்கினாள், எரியும்போதெல்லாம் கும்பிட்டாள்.

கம்பு வைப்பது வருஷக்கணக்காக நடக்கிறதே, இப்போது மட்டும் ஏன் என்று கேட்டேன். அவர் அப்படியே சக்கரத்தின் மேல் கையூன்றி நின்றுவிட்டார். மழை முடிந்து வண்டியை டெஸ்டுக்குக் கொண்டுபோனாரே, அதற்காக ரிஜோவிடம் சொல்லிப் பிரேக் லைட்டுக்குப் புது வயரும் பல்பும் போட்டிருக்கிறார். ஹேண்ட்பிரேக்கையும்தான் அப்போது இறுக்கினார்கள், அது இரண்டு வாரத்தில் பழையபடி தளர்ந்துவிட்டது. லைட்டு மட்டும் நன்றாக நின்றுவிட்டது. அதற்கு முன்னால் அந்த லைட்டு எரிந்து யாரும் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் கம்பு வைக்கிற ஜீப் எதற்கும் பிரேக் லைட்டு எரியாது, அதனால்தான் ஒருவர் பேட்டரியும் இறங்கவில்லை. சட்டப்படி நடப்போம் என்று ஒரு விளக்கைச் சரிசெய்த ஒரே மனுஷன் என் புருஷன்தான், அதற்குத்தான் இந்தத் தண்டனை.

ரிஜோவின் ஒர்க்ஷாப் மட்டமான தரை, அங்கே கம்பு எதற்கு. கஞ்சிக்கோட்டுத் தெருவில் கம்பு எதற்கு. ரிஜோ வீட்டுக்கு வந்தபோது மட்டும் கம்பு இருந்தது, அதையும் மரியாதைக்காக எடுத்துச் சாய்த்து வைத்துவிட்டோம்.

"அப்ப பேட்டரிக்கு நம்ம கல்யாணக் கம்பளிய சுத்துனீகளே" என்று ஆரம்பித்தேன். திட்டத்தான் ஆரம்பித்தேன். நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, சிரித்தால் இடுப்பு வலிக்கிறது, வலித்தால் "ஆ" என்கிறார், அதைப் பார்த்து எனக்கு இன்னும் சிரிப்பு. மூக்கம்மாளுக்கு விஷயத்தைச் சொல்லிப் புரியவைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப இனிமே எரியாதா?" என்றாள். "என் முழங்காலுக்கு என்னத்தா வழி?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜீப்பை ரிஜோவிடம் கொண்டுபோனோம். கதையைக் கேட்டவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு பேட்டரியைச் சார்ஜில் போட்டு, ஹேண்ட்பிரேக்குக்குப் புதுக் கேபிள் இழுத்தான். அன்று சாயங்காலம் சரிவில் ஜீப்பை நிறுத்தி, கியர் போட்டு, கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். நின்றது. காப்பிக் கம்பை நான் அடுப்பில் வைத்தேன். நன்றாக எரிந்தது.

திங்கள் காலை ஒரே திருப்பில் கிளம்பியது. ஆனால் சோதனை சாயங்காலம்தான். வேலை செய்த நேரமெல்லாம் என் கை ஏலக்காயில் இருந்தது, மனசு ஸ்டோர் முற்றத்தில் இருந்தது. மணி அடித்து நாங்கள் வந்தபோது பினு சொன்னபடி நின்றுகொண்டிருந்தார். கையைக் கட்டியிருந்தார். என் புருஷன் வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எங்கள் பெண்பிள்ளைகள் பழக்க தோஷத்தில் ஜீப்புக்குப் பின்னால் போய், சேலையைச் சொருகிக்கொண்டு, கையை வைத்துத் தயாராக நின்றுவிட்டார்கள். நானும்தான்.

சாவியைத் திருப்பினார். ஜீப் பட்டென்று பிடித்து நாலடி முன்னால் போனது. சாய்ந்து நின்ற நாங்கள் எல்லாரும் பிடிமானமில்லாமல் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். மோனிஷாதான் அடியில். விழுந்த இடத்திலிருந்தே அவள் கைதட்டினாள்.

"கொழப்பமில்ல சேச்சி" என்றார் பினு. அவருக்கும் நிம்மதிதான், முகத்தில் தெரிந்தது. "நாளைக்குச் சமயத்துக்கு வரணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். எனக்கு அதில் வெட்கமில்லை. டிரிப் தங்கியது, புருஷன் தங்கினார், வேறென்ன வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பொன்ராஜுக்குப் போன் போட்டேன்.

"டேய், ஒன் சயின்ஸத் தூக்கி ஒடப்புல போடு. குளுருமில்ல ஒன்னுமில்ல, பிரேக்குல வச்ச கம்பு. வண்டி சரியாயிருச்சு. ஒங்க மேனேஜர்கிட்டச் சொல்லிரு, மச்சான் வரமாட்டாகன்னு."



"அக்கா, அதைத்தான் மச்சான் வெள்ளிக்கெழமையே போன் பண்ணிச் சொல்லிப்போட்டாருங்களே."

"என்ன சொன்னாக?"

"வண்டி ஓடுனாலும் ஓடாட்டியும் வரலைன்னாருங்க. டிரிப் போச்சுன்னா இடுப்பு சரியானதும் ஒங்க குரூப்புலயே ஏலக்காய் எடுக்க வர்றாராமுங்க, பினுவையும் கேட்டுட்டாராமுங்க. நாந்தான் கேட்டேன், ஏனுங்க மச்சான், இங்க சேர் போட்டு உக்கார்ற வேலைங்களேன்னு. அதுக்கு, ஒங்கக்கா சத்தம் கேக்காத ரூமுல எனக்குத் தூக்கம் வராது மாப்ளேன்னாருங்க. நீங்க அங்கியே இருந்தீங்கன்னு நெனைச்சேனுங்க."

நான் போனை வைத்தேன். வெள்ளிக்கிழமை. நான் பெட்டி கட்டியது சனிக்கிழமை. சட்டையை எறிந்து எறிந்து மடித்தபோதெல்லாம் அந்த மனுஷன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்து வெந்நீர்ப் பையை இடுப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, வெளியே கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். கைலி, சட்டை, துண்டு எல்லாம் நான் திணித்தபடியே கசங்கிக் கிடந்தன.

"போகலன்னு வெள்ளிக்கிழமையே முடிவு பண்ணிட்டீக. நான் சனிக்கிழமை இதக் கட்டி அழுதுக்கிட்டு நின்னேனே, அப்பவாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க மேரி பேச விட்ட."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஒன்றில்லை, பத்து இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சரி, இப்பப் பேசுங்க. நான் வாயத் தொறக்கல."

அவர் பனியைப் பார்த்தார். வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்தார். நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்.

"ஒன்னுமில்ல."